சுழற்பந்து வீரர் முத்தையா முரளிதரன்

மாலைதோறும் திடலில் பந்து வீசி மகிழும் உங்களுக்கு ஒரு வீரரை அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

முத்தையா முரளிதரன் 1972 ஏப்ரல் 17ஆம் நாள் இலங்கையின் கண்டியில் பிறந்தார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து கடல் கடந்தவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றபோது முரளிதரன் முதலில் மித வேகத்தில் பந்து வீசினார். பதினான்காம் வயதில், பயிற்சியாளரின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 1992இல் இலங்கை அணிக்காக டெஸ்ட் போட்டியில் ஆடினார்.

அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுவதும் நிமிராதது. அதனால் அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்ற பழி எழுந்தது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில், பல்லாயிரவர் முன்னிலையில் நடுவர் ஏழு முறை 'நோ பால்' என அறிவித்தார். முரளிதரன் துவண்டுவிடவில்லை, தம் கையை அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தினார். 1996இல் அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் அவரைத் தொடர்ந்து பந்து வீச அனுமதித்தது. பின்னரும் ஐயங்கள் எழுந்தன. மீண்டும் மீண்டும் சோதனைக்கு உடன்பட்டார்.

2010 ஜூலையில் காலி நகரில் இந்தியாவுக்கு எதிராகத் தம் 133ஆவது, இறுதி டெஸ்ட் போட்டியில் ஆடினார். அதில் அவர் வீசிய கடைசிப் பந்திலேயே 800ஆவது விக்கெட் வீழ்ந்தது! டெஸ்ட் வரலாற்றில் அத்தனை விக்கெட்டுகளை வேறெவரும் வீழ்த்தியதில்லை.

மாணவர்களே, குற்றம் சுமத்தப்பட்டால் சோதனைக்கு அஞ்சாதீர்கள், உழைப்பையும் கைவிடாதீர்கள். தோட்டத்து உழைப்பாளியின் பேரர் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.