ஒளி பட்டால் விழிக்கும் மருந்து

உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் அடியில், செருப்பு வடிவில் அங்குமிங்கும் ஓடிய பாரமீசியத்தைத் தோழியர் மறந்திருக்க மாட்டீர்கள். புற்றுநோய் மருத்துவத்தில் ஒரு புதுவழியைக் காட்டியது அந்த ஒற்றைச் செல் உயிரிதான் என்றால் வியப்பாக உள்ளதல்லவா?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் இருந்தார். அக்ரிடின் என்னும் சாயப்பொருள் பாரமீசியங்களை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று, தம் பேராசிரியர் தப்பைனரின் மேற்பார்வையில் ஆராய்ந்து வந்தார். சாயத்தின் அளவு ஒன்றுதான். ஆயினும் ஒரு நாள் அவை விரைவில் மடிந்தன. மற்றொரு நாள் நெடுநேரம் உயிரோடிருந்தன. நாமாக இருந்தால் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று ஏட்டை மூடியிருப்போம்! ராப் அப்படி விட்டுவிடவில்லை. அவை பிழைத்திருந்த நாளில் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்ததை எண்ணிப் பார்த்தார். சாயத்தோடு ஒளியும் சேர்ந்தால்தான் அவை விரைந்து மடிகின்றன என்பது புலனாயிற்று. 1900-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார்.

ஒளியும் மருந்தும் மட்டும் போதா, ஆக்சிஜனும் வேண்டும். மருந்து, தான் பெற்ற ஒளியாற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அவ்வாறு கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் கண்ணிமைக்கும் நேரங்கூட நிலைப்பதில்லை. ஆகவே தோன்றிய இடத்திலுள்ள செல்லை அழிக்கிறதேயன்றித் தொலைவிலுள்ளதைத் தொடுவதில்லை.

1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் டாக்டர் தாமஸ் டோகர்ட்டி இம்முறையைப் புற்றுநோயாளருக்குப் பயன்படுத்தினார். அவ்வழியில் உருவான ஃபோட்டோஃபிரின் என்ற மருந்து, 1995-இல் அந்நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதனை நரம்பில் ஊசி வழியாகச் செலுத்தி, ஏறத்தாழ இரண்டு நாள் காத்திருப்பர். அதற்குள் நல்ல திசுக்களிற் பலவற்றிலிருந்து மருந்து வெளியேறிவிட, கட்டியில் மட்டும் கூடுதலாகத் தங்கியிருக்கும். அப்போது 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைக் காட்டுவர்.

பெருங்குடலோ சூரியனையே கண்டறியாத இடம். அங்கே ஒளியைக் கொண்டுசெல்ல, எண்டாஸ்கோப் குழாயினூடே மெல்லிய இழையொன்றை நுழைக்கிறார்கள். அறுவை மருத்துவத்தைத் தாங்க இயலாத சிலருக்கு, குடலை அடைத்த கட்டியைக் குறைக்க மருத்துவர்கள் இதனைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எனினும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு இன்றும் அறுவையே முதன்மையான மருத்துவம். ஏனெனில் சிவப்பொளி திசுவினுள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேல் பயனுறச் செல்வதில்லை. பருத்த கட்டியின் உள்ளிடமும், கல்லீரலுக்குப் பரவிய நோயும் அதற்கு எட்டா. மலத்தில் இரத்தம் கண்டும், சொல்ல நாணி மாதக்கணக்கில் மறைப்பவர் எத்தனை பேர்! நோய் மேலோட்டமாக இருக்கும் காலமெல்லாம் அந்த நாணத்திலேயே கழிந்துவிடுகிறது.

இம்மருந்துக்கு வேறொரு தொல்லையும் உண்டு. அது தோலிலும் தங்கிவிடுகிறது. 1912-இல் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பொருளை 200 மில்லிகிராம் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். வெயில் பட்டதும் அவர் முகமே அடையாளம் தெரியாதபடி வீங்கிப்போயிற்று. துணிச்சல்தான், ஆனால் நமக்குப் படிக்கும்போதே அச்சமாக இருக்கிறது! ஃபோட்டோஃபிரின் பெற்றவர் குறைந்தது 30 நாட்கள் வெயிலில் வரக்கூடாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியே தீங்கு செய்வதால், வெயிலுக்குப் பூசும் களிம்பும் உதவாது. அதற்காக இருட்டறையில் அடைந்து கிடக்கவும் கூடாது. வீட்டினுள் இருக்கும் மெல்லிய வெளிச்சம், தோலில் எஞ்சிய மருந்தைச் சிறிது சிறிதாகச் செயலற்றதாக்கிவிடுகிறது.