பாகத்துக்கு முன் பரிசோதனைக்குப் பணம் கொடுங்கள்

கேள்வி: ஐயா, 2013 மாடல் ஜெர்மன் ஹேட்ச்பேக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டி வருகிறேன். டர்போ பெட்ரோல் இன்ஜின், 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். ஓட்ட அருமையான வண்டி. ஆனால் சில மாதங்களாக டிராஃபிக்கில் நின்று நின்று போனால் மீட்டரில் ஸ்பேனர் படம் மினுக்குகிறது, ரிவர்ஸ் விழ மறுக்கிறது. கொஞ்ச நேரம் ஆஃப் செய்து வைத்தால் சரியாகிவிடுகிறது. ஒரு பட்டறையில் கிளட்ச் செட் மாற்றினார்கள், பயனில்லை. இன்னொரு இடத்தில் மெக்காட்ரானிக் போய்விட்டது என்கிறார்கள். சர்வீஸ் சென்டரிலோ கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். இந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்கு விற்காதீர்கள். மூன்று இடங்களில் மூன்று பதில் கிடைத்திருக்கிறது. ஆனால் பழுது இன்னதுதான் என்று அளந்து காட்டியவர் ஒருவரும் இல்லை. இதுவரை நீங்கள் பாகத்துக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள், பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை. 'ஸ்கேன் ஃப்ரீ சார்' என்று சொல்லும் பட்டறைக்கு வருமானம் பாகம் விற்றால்தான். அங்கே போனால் ஏதாவது ஒரு பாகம் மாறத்தான் செய்யும். ஆகவே, பழுதைக் கண்டுபிடிப்பதற்கே தனிக் கூலி கேட்கிறவரைத் தேடுங்கள். அந்தக் கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.

உங்கள் கியர்பாக்ஸைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மெக்கானிக்கை எடைபோடுவது எளிது. சிறிய இன்ஜின் வண்டிகளில் வரும் இந்த 7 கியர் டிஎஸ்ஜியை டிக்யூ200 என்பார்கள். உள்ளே இரண்டு உலர் கிளட்ச்கள். 1, 3, 5, 7 கியர்கள் ஒரு கிளட்ச்சில், 2, 4, 6, ரிவர்ஸ் மற்றதில். இவற்றை இயக்கும் கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்த அமைப்புதான் மெக்காட்ரானிக். ரிவர்ஸோடு 2, 4, 6 கியர்களும் விழவில்லை என்றால் சந்தேகம் அந்தக் கிளட்ச்சின் பக்கம் போகும். எல்லா கியரும் ஒரேயடியாகப் போனால் ஹைட்ராலிக் அழுத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இந்தக் கம்ப்யூட்டர் தவறான எச்சரிக்கை தரும். ஆகவே நல்ல மெக்கானிக் வண்டியைத் தொடுமுன் கேள்வி கேட்பார்: வண்டி சூடான பிறகா, காலையிலேயேவா? எந்தெந்த கியர் விழவில்லை? பேட்டரி எப்போது மாற்றியது? டிராஃபிக்கில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்ந்துகொண்டே போவீர்களா? இப்படி எதுவும் கேட்காமல் விலை சொல்கிறவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிளட்ச் மாற்றிய பட்டறையிடம் ஒன்று கேளுங்கள்: "மாற்றிய பிறகு ஸ்கேனரில் பேசிக் செட்டிங், அடாப்டேஷன் ஓட்டினீர்களா?" புது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை அந்தக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை அது. அதைச் செய்யாவிட்டால் புது கிளட்ச்சும் கோளாறு காட்டும். பதிலில் தடுமாற்றம் இருந்தால் முதல் வேலையே அரைகுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஸ்கேனர். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ஓபிடி கருவி பெரும்பாலும் இன்ஜினின் பொதுவான பழுதுக் குறியீடுகளை, அதாவது 'கோட்'களைத்தான் படிக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் ஒரே குடும்பம். அவற்றின் எல்லா கம்ப்யூட்டர்களோடும் பேச விசிடிஎஸ் என்ற கருவியோ கம்பெனியின் ஓடிஸ் மென்பொருளோ அவற்றுக்கு நிகரான ஒன்றோ வேண்டும். பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி. ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. கோட் என்பது எங்கே தேட வேண்டும் என்று சொல்லும், எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. வண்டியை ஓட்டிக்கொண்டே கிளட்ச்சின் தேய்மானம், வெப்பம், ஹைட்ராலிக் அழுத்தம் ஆகிய அளவுகளைப் பார்க்கத் தெரிந்தவர்தான் வேண்டும். ஸ்கேன் அறிக்கையைப் பிரின்ட் எடுத்தோ பிடிஎஃப்பாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை கையில் வருமுன் கோட்களை அழிக்க விடாதீர்கள். அழித்துவிட்டால் அடுத்து பார்ப்பவருக்குத் தடயமே இருக்காது.

அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? 'ஃபாரின் கார் மெக்கானிக்' என்ற போர்டை நம்பிப் போகாதீர்கள். ஐரோப்பிய வண்டிகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. ஃபியட் புன்டோவின் 1.3 மல்டிஜெட் டீசல் மாருதி ஸ்விஃப்டிலும் வந்தது. அந்த இன்ஜினைத் தெருமுனைப் பட்டறையே நன்றாகப் பார்க்கும். ஆனால் பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் டைமிங் செயின், இன்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதைப் பழகாதவர் தொடக்கூடாது. உங்களுக்கு வேண்டியவர் குறிப்பாக இந்த 7 கியர் டிஎஸ்ஜியைக் கழற்றி மாட்டிப் பழகியவர். கோவையிலும் சேலத்திலும் உங்கள் மாடல் வைத்திருப்பவர்களிடம், 'எங்கே விடுகிறீர்கள்' என்பதோடு 'ஒரே பழுதுக்கு எத்தனை முறை போனீர்கள்' என்றும் கேளுங்கள். உதிரிபாகக் கடைக்காரர்களுக்குத் தெரிந்தது பலருக்குத் தெரியாது. டிஎஸ்ஜி கிளட்ச் செட்டை அடிக்கடி வாங்கும் பட்டறை எது என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்தால் சில பெயர்கள் கிடைக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்களும் உண்டு. நேரில் போய், வாசலில் என்ன வண்டிகள் நிற்கின்றன என்று பாருங்கள்.

பெரிய வேலையைக் கொடுப்பதற்கு முன் ஆயில் சர்வீஸ் போன்ற ஒரு சிறிய வேலையைக் கொடுத்துப் பாருங்கள். 'நல்ல சிந்தடிக் ஆயில் ஊற்றிவிடுகிறேன்' என்பது பதில் அல்ல. உங்கள் டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு விடபிள்யூ 502 00 தரச்சான்று உள்ள ஆயில் வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டும். கியர்பாக்ஸில் கியர்களுக்கு ஒரு எண்ணெய், மெக்காட்ரானிக்குக்கு வேறு எண்ணெய் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரையும் ஒதுக்கிவிடாதீர்கள். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களை இந்த வகை கியர்பாக்ஸுக்காகத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில், சிந்தடிக் கியர் எண்ணெயால் மின்கோளாறு வரலாம் என்று கண்டு மினரல் எண்ணெய்க்கு மாற்றினார்கள். உங்கள் சேசிஸ் எண்ணுக்கு நிலுவையில் ஏதாவது திரும்பப் பெறும் வேலையோ மென்பொருள் அப்டேட்டோ இருக்கிறதா என்று அங்கே கேளுங்கள். ஏர்பேக், இம்மொபைலைசர் போன்ற வேலைகளுக்கும் அவர்களே சரி. முழு கியர்பாக்ஸ் என்ற எஸ்டிமேட்டுக்கு மட்டும், எந்த அளவீட்டின் பேரில் சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பழுது மெக்காட்ரானிக்தான் என்று உறுதியானாலும் அதைப் பிரித்துச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள். என்ன மாற்றினார்கள், எத்தனை மாதம் வாரன்ட்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். அதே பழுது அதற்குள்ளும் இருக்கலாம், உங்கள் வண்டிக்கு ஏற்ப அதைக் கோடிங் செய்யவும் வேண்டும். எந்தப் பாகம் போட்டாலும் பில்லில் பார்ட் நம்பர் இருக்கட்டும், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. பரிசோதனை அறிக்கை, எழுத்தில் எஸ்டிமேட், இந்த மாடலின் இன்றைய விற்பனை விலை மூன்றையும் அருகருகே வையுங்கள். பழுதுச் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்பதே நல்லது, வாங்குபவரிடம் பழுதைச் சொல்லியே விற்க வேண்டும். அதற்குக் குறைவென்றால் சரிசெய்து ஓட்டுங்கள். கையில் இருப்பது நல்ல வண்டி.

சரியானவர் கிடைத்துவிட்டால் கூலியில் பேரம் பேசிப் பேசி அவரைச் சலிப்படைய வைக்காதீர்கள், ஐநூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பட்டறை மாறவும் வேண்டாம். ஒவ்வொரு பில்லும் ஸ்கேன் அறிக்கையும் ஒரே கோப்பில் இருக்கட்டும். முதலில் கிளட்ச் மாற்றிய பட்டறைக்கு அந்த அடாப்டேஷன் கேள்வியோடு போன் செய்யுங்கள், பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். இனி ஸ்பேனர் படம் மினுக்கினால் நேரம், வெப்பம், விழாத கியர் மூன்றையும் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்போடு போனால், தெரிந்த மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.