மெழுகு உருகினால் சிலை வரும்

போன மாதம் டிராயிங் சார் எங்களை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். 1851-ல் தொடங்கிய மியூசியம் அது. பார்த்தது நிறைய, கால் வலியும் நிறைய. நம்ம பக்கத்துச் சங்கதிகள் இரண்டு மட்டும் எழுதுகிறேன்.

முதலில் தேசியக் கலைக்கூடக் கட்டிடம். 1906-ல் அடிக்கல் நாட்டி 1909-ல் திறந்தார்கள். வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். வளைவும் கோபுரமுமாக மொகலாயர் காலத்து மாளிகை மாதிரி இருக்கும். அந்த இளஞ்சிவப்புக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம கவரைப்பேட்டையிலிருந்து பஸ் போகிறதே, அந்த சத்தியவேடுதான்! சார் சொன்னதும் எல்லாரும் சுவரைத் தொட்டுப் பார்த்தோம்.

அடுத்தது வெண்கலச் சிலைகள் உள்ள கூடம். அங்கே திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். சோழர் காலம், ஏறக்குறைய ஆயிரம் வருஷம். திருவாலங்காடு நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான், ஆனால் நான் போனதில்லை. மற்ற நடராஜருக்கு இருக்கும் நெருப்பு வளையம் இவருக்கு இல்லை. அதனால் தூக்கிய காலும் வீசிய கையும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பிரான்சு நாட்டுச் சிற்பி ரோடான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்தச் சிலையின் போட்டோக்களைப் பார்த்தே ஒரு கட்டுரை எழுதினார். அது 1921-ல், அவர் இறந்த பிறகு அச்சில் வந்தது.

செய்யும் முறையை சார் விளக்கினார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகிலேயே முழுச் சிலையும் செய்வார்கள். அதன் மேல் வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் இன்னும் கனமாகப் பூசி, கம்பியால் கட்டுவார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிப்காட்டில் ஒரு பவுண்டரியில் மோல்டிங் வேலை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அப்போ மெழுகுதான் பேட்டர்னா? அது உருகிப் போச்சுன்னா அடுத்ததுக்கு என்ன பண்ணுவாங்க?"

"மறுபடியும் முதல்ல இருந்து செய்யணும்ப்பா."

"நாங்க மரப் பேட்டர்னை மணல்ல பதிச்சு எடுத்துடுவோம் கண்ணு. ஒரே பேட்டர்ன்ல ஆயிரம் பீஸ் போடலாம். இது ஒண்ணே ஒண்ணுதானா!"

அப்புறம் ஒரே கேள்வி மேல் கேள்வி. அச்சை நல்லா காய வெச்சாங்களா, காத்து வெளியே போக வழி விட்டாங்களா என்று. ஈரம் கொஞ்சம் இருந்தாலும் கொதிக்கிற உலோகம் பட்டதும் நீராவியாகி வெடித்துச் சிதறுமாம். அப்பாவின் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். இவ்வளவு நாள் நான் அதை அடுப்புச் சூடு என்று நினைத்திருந்தேன். அந்தச் சிலை செய்தவருக்கும் கையில் தழும்பு இருந்திருக்குமோ என்று கேட்டேன். "இல்லாமலா!" என்றார்.

அவர் யார் என்று சிலையில் பெயர் இல்லை. அப்பா வார்க்கும் பீஸிலும் கம்பெனி முத்திரைதான் இருக்கும்.

அப்பாவை அழைத்துப் போய்க் காட்டணும் என்று ஆசை. அப்பாவுக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். "உலோகம் ஊத்தின வாய் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பின்னாடி போய்ப் பார்த்தியா?" என்று கேட்டார். நான் முன்பக்கம் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி