'போயிருக்கிறார்' – ஆங்கிலத்தில் எப்படி?

சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளி இருந்தது. 1868-இல் தொடங்கிய அப்பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். இந்தச் செய்தியை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' எங்கே வரும், எங்கே வராது என்பது விளங்கிவிடும்.

பள்ளி போன பிறகு ஒருவர் அதைத் தேடிச் சைதாப்பேட்டைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தி ஸ்கூல் ஹாஸ் மூவ்ட் டு கோயம்புத்தூர்" என்று அவருக்குப் பதில் கிடைக்கும். எப்போது போயிற்று என்பது அங்கே பேச்சே இல்லை. இப்போது இங்கே இல்லை என்பதுதான் செய்தி. செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவு இன்னும் நிற்கிறது. "வென் டிட் இட் மூவ்?" என்று அவர் கேட்டதும் பதில் மாறிவிடும்: "இட் மூவ்ட் இன் 1906." ஆண்டு உள்ளே வந்தது, ஹாஸ் வெளியே போயிற்று.

அமைப்பு எளிது. ஐ, யூ, வீ, தே என்றால் ஹாவ். ஹீ, ஷீ, இட் என்றால் ஹாஸ். அடுத்து வினையின் மூன்றாம் வடிவம். 'மூவ்' போன்ற வினைகளில் இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. கோ–வென்ட்–கான், சீ–சா–சீன் போன்றவற்றில்தான் நாம் அகப்பட்டுக்கொள்வோம். 'ஹாஸ் வென்ட்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

தமிழிலும் நிகரான அமைப்பு உண்டு. வினையெச்சத்தோடு 'இரு' சேர்த்து, வந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன் என்கிறோம். ஆனால் இந்த ஒற்றுமையே நம்மைக் கவிழ்த்துவிடும். "2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டைக்குள் வந்திருக்கிறது" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில், முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டால் ஹாஸ் கூடாது. 'ஃபிளடெட்' என்று வெறும் இறந்தகாலமே வரும். எஸ்டர்டே, லாஸ்ட் இயர், அகோ எல்லாவற்றுக்கும் இதே விதி. "ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்று நம்மில் பலர் பேசுவது, மனத்துக்குள் 'நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்' ஓடுவதால்தான்.

இதற்கு நேர்மாறான பள்ளமும் உண்டு. "பத்து ஆண்டுகளாகச் சைதாப்பேட்டையில் வசிக்கிறார்" என்பது தமிழில் நிகழ்காலம். ஆங்கிலத்தில் 'ஹீ லிவ்ஸ்' பிழை. "ஹீ ஹாஸ் லிவ்ட் இன் சைதாப்பேட் ஃபார் டென் இயர்ஸ்" என்பதே சரி. ஹாஸ் பீன் லிவிங் என்றும் சொல்லலாம். கால அளவுக்கு ஃபார். தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ்.

இனி, தலைப்புக்கு வருவோம். "அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார்" என்றால் இரண்டு பொருள். இப்போது வீட்டில் இல்லை என்றால் 'ஹாஸ் கான் டு மதுரை'. முன்பு எப்போதோ போய்த் திரும்பி, இதோ திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் 'ஹாஸ் பீன் டு மதுரை'. தமிழ் ஒரு சொல்லில் அடக்கியதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்:

ரயில் போய்விட்டது.

சைதாப்பேட்டை மெட்ரோ நிலையம் 2018 மே மாதம் திறக்கப்பட்டது.

அங்கே 2018 முதல் ரயில்கள் ஓடுகின்றன.

ஹாவ் அல்லது ஹாஸ் வர வேண்டியவை இரண்டு. எவை?