நடந்த தூரம் எவ்வளவு?

தண்டலத்தில் இருவர் ஒருங்கே நடந்து வரினும், ஒருவரது நடையெண்ணும் கைக்கடிகாரமும் மற்றவரது கைப்பேசியும் வெவ்வேறு தூரம் காட்டக்கூடும். இதன் காரணம் யாது?

கைக்கடிகாரம் கையசைவால் காலடிகளை எண்ணி, காலடி நீளத்தால் பெருக்குகிறது. 2,000 காலடிகள், காலடிக்கு 70 செ.மீ. எனக் கொண்டால் 1,400 மீட்டர். உண்மை நீளம் 60 செ.மீ. எனில் 1,200 மீட்டரே. தலைச்சுமையைக் கையால் பற்றி நடந்தால் எண்ணிக்கையும் குறையலாம். கைப்பேசிச் செயலியோ, செயற்கைக்கோள் குறிகளால் இடங்களை அறிந்து இணைக்கிறது. உயர்ந்த கட்டடங்கள் மறைத்தால் பிழை நேரும்.

1802-இல் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்த லாம்டன், வெயிலில் சங்கிலி நீள்வதையும் கணக்கிற் கொண்டார். கருவியின் பிழையை அறிதலே அளவையின் முதற்பாடம்.

ஆகவே, 100 மீட்டரை நாடாவால் அளந்து, அதனை நடந்து, காலடி எண்ணிக்கையால் வகுத்து, கிடைத்த நீளத்தைக் கடிகாரத்தில் பதிதல் நலம். நடைப்பயிற்சிக்கு இது போதும். வரப்பு வழக்கிற்கோ நில அளவரின் அளவையே வேண்டும்.