வெயிலூரில் ஆப்பிள் பை

கேள்வி: தட்டு இல்லாமல், மாவின் விளிம்பைக் கையால் மடித்து ஆப்பிள் பை சுட்டேன். வெண்ணெய் உருகி ஓடியது, அடிப்பக்கம் சொதசொதவென்று ஆனது. ஏன்?
– வாசகி, தஞ்சோங் ரம்புத்தான்

கைப்பக்குவத்தில் குறையில்லை, சகோதரி. வெயில் செய்த வேலை அது. 30 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் குழைந்துவிடும். உங்கள் ஊரில் மதியச் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். வெண்ணெய் சிறு துண்டுகளாக மாவுக்குள் தங்கினால்தான், அதிலுள்ள நீர் ஓவனில் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கும்.

விடியற்காலையில் தொடங்குங்கள். 200 கிராம் மைதா, சிட்டிகை உப்பு, நன்கு குளிர்ந்த 120 கிராம் வெண்ணெய். விரல் நுனியால் உதிர்த்து, மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்டினால் போதும். ரொட்டி சானாய்க்குப் பிசைவதுபோல் பிசையவே கூடாது! பிறகு ஒரு மணி நேரம் ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

பழத்துக்குப் பச்சை நிற கிரானி ஸ்மித்தே சிறந்தது. 1860களில் சிட்னி அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் தோன்றிய இனம். புளிப்பானது, வெந்தாலும் குழையாது. ஃபூஜிதான் கிடைத்தது என்றால் சர்க்கரையைக் குறைத்து எலுமிச்சை பிழியுங்கள்.

அடி நனையாமலிருக்க, விரித்த மாவில் இரண்டு தேக்கரண்டி ரவை தூவுங்கள். சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். மூன்று ஆப்பிள்களை மெல்லிதாக நறுக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் சேர்த்து நடுவில் பரப்பி, விளிம்பை மடியுங்கள். மடிப்பு கோணலாக இருந்தால் அதுவே அழகு. இன்னொரு 20 நிமிடம் குளிரவைத்து, முன்பே 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனின் கீழ்த்தட்டில் சுமார் 45 நிமிடம் சுடுங்கள். அடிப்பக்கமும் பழுப்பேறிய பிறகே வெளியே எடுக்க வேண்டும்.