பழைய எண், புதிய எண்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்க்குப் "பழைய எண், புதிய எண்" என்னும் தொல்லை தெரிந்ததே. கணிப்பொறி வலையிலும் அத்தகைய தொல்லை ஒன்று உண்டு.

32 பிட் கொண்ட இணைய முகவரிகளை 1981-இல் ஏ, பி, சி என வகுப்புகளாகப் பிரித்தனர். அவற்றில் வலையைக் குறிக்கும் பகுதி முறையே 8, 16, 24 பிட்டுகள். முகவரியின் முதல் எண்ணே வகுப்பைச் சொல்லிவிடும். சி வகுப்பு வலையில் 254 கணிப்பொறிகளே அடங்கும். பி வகுப்பிலோ 65,534. முந்நூறு கணிப்பொறி உடையவரும் பி வகுப்பைப் பெற, முகவரிகள் வீணாயின. ஆதலின் 1993-இல் வகுப்பை நீக்கி, வலைப்பகுதி எத்தனை பிட் என்பதைச் சாய்கோட்டுக்குப் பின் எழுதும் 'சிடர்' முறை வந்தது. எங்கள் ஆய்வுக்கூட வலை 10.1.5.0/24.

முறை மாறியும் ஏடு மாறவில்லை. எங்கள் கையேட்டில், "10 எனத் தொடங்குவது ஏ வகுப்பு" என்றே இருந்தது. அதை நம்பி இளைய மாணவர் ஒருவர் மாஸ்க்கை 255.0.0.0 என அமைத்தார். வேறு கட்டடத்திலுள்ள 10.1.9.7 என்னும் சர்வரும் இதே வலையில் இருப்பதாக அவர் கணிப்பொறி எண்ணிற்று. செய்தியை ரூட்டரிடம் கொடாமல் பக்கத்திலேயே கூவிப் பார்த்தது. மறுமொழி இல்லை. ஒரு பகல் வீணாயிற்று. பிழை அவருடையதன்று, அக்கையேட்டை முன்பே படித்தும் திருத்தாமல் விட்ட என்னுடையது.

அன்றிரவே திருத்த அமர்ந்தேன். "சி வகுப்பு" என்ற இடமெல்லாம் "/24" என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாகாது. எழுதியவர் கருதியது முகவரியின் தொடக்கத்தையா, வலையின் அளவையா என்று பார்த்தே மாற்றவேண்டும். நண்பர்களே, உங்கள் கூடத்துக் கையேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.